இரண்டாயிரம் பாத்திரங்களும் ஒரு சின்ன லைப்ரரியும்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிவரும் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ மிகுபுனைவு நாவல் வரிசையின் முதல் புத்தகம் 1996இல் வெளிவந்தது. ஐந்தாவது புத்தகம் வந்தது 2011இல். ஆறாவது எப்போது வரும் என்று வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். இந்த நாவல்களைப் படிப்பவர்களுக்கு ஒரு பொதுவான கஷ்டம் உண்டு. யார் யாருடைய மகன், எந்தக் குலம் எந்தக் குலத்துக்குக் கட்டுப்பட்டது என்று நினைவில் வைத்துக்கொள்வது பெரும்பாடு. அதனால்தான் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் குலவாரியாகப் பெயர்ப் பட்டியல் அச்சிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலைக் கையால் புரட்டாமல் ஒரு நிரல் புரட்டிப் பார்க்க வழி இருக்கிறது. ‘அன் ஏபிஐ ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ என்பது அதன் பெயர். ஏபிஐ என்றால் நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் வாசல். நாவல் ரசிகரான ஒரு நிரலாளரின் முயற்சியால் உருவானது. கட்டணம் இல்லை, பதிவு செய்ய வேண்டியதில்லை, கடவுச்சொல்லும் தேவையில்லை. புத்தகங்கள், பாத்திரங்கள், குலங்கள் என்று மூன்று பிரிவுகள் உள்ளன. பாத்திரங்கள் மட்டும் 2,100க்கு மேல். குலங்கள் நானூற்றுக்கு மேல்.

ஜாவாஸ்கிரிப்ட் பழகுகிறவர்களுக்கு இது அருமையான பயிற்சிக் களம். வங்கி ஏபிஐயில் தவறாகக் கேட்டால் பணம் போகும். இங்கே எப்படிக் கேட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பெரிய ஏபிஐகளில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலும் உண்டு: பக்கம் பக்கமாக வரும் தரவு, நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு, ஒன்றுக்குள் ஒன்று கோத்த உறவுகள், காலியாகக் கிடக்கும் புலங்கள். இவற்றை நம் சார்பில் சமாளிக்க எழுதப்படுவதுதான் கிளையன்ட் லைப்ரரி. அது எதையெல்லாம் நம் கண்ணிலிருந்து மறைக்கிறது, எதை மறைக்கக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கற்பனை உலகம் போதும்.

கேள்வி போகும் வழி

ஏபிஐயிடம் கேள்வி கேட்பது என்றால் ஒரு இணைய முகவரிக்கு வேண்டுகோள் அனுப்புவதுதான். பிரவுசரில் முகவரியைத் தட்டினால் நமக்குப் படமும் எழுத்துமாகப் பக்கம் வருகிறது. ஏபிஐ முகவரியைத் தட்டினால் அலங்காரம் எதுவும் இல்லாத தரவு வருகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி முகவரி, அந்த முகவரியைக் கேட்டால் அந்தப் பொருளின் தற்போதைய நிலை கிடைக்கும் என்ற இந்த ஏற்பாட்டுக்கு ‘ரெஸ்ட்’ என்று பெயர். ராய் ஃபீல்டிங் 2000இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர் ஆய்வேட்டில் இதை வரையறுத்தார்.

இந்த ஏபிஐயில், கதையின் முக்கியப் பாத்திரமான ஜான் ஸ்னோவின் எண் 583. பாத்திரங்கள் பிரிவின் முகவரிக்குப் பின்னால் 583 என்று சேர்த்துக் கேட்டால் அவருடைய பதிவு வந்து சேரும். பதிவு ‘ஜேசன்’ வடிவில் இருக்கும்: சுருள் அடைப்புக்குறிக்குள் புலத்தின் பெயர், முக்காற்புள்ளி, அதன் மதிப்பு, இப்படி வரிசையாக. பெயர், பாலினம், எந்த இனக்குழு, பிறந்த ஆண்டு, பட்டங்கள், வேறு பெயர்கள், தந்தை, தாய், துணை, எந்தக் குலத்தைச் சேர்ந்தவர், எந்தப் புத்தகங்களில் வருகிறார், நாவல்களை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடரில் யார் நடித்தார் என்று எல்லாம் உண்டு. நடிகர் புலத்தில் கிட் ஹாரிங்டன் பெயர் இருக்கும்.

எண் தெரியாவிட்டால் பெயரைச் சொல்லியும் தேடலாம். ஆனால் அப்போது வருவது ஒற்றைப் பதிவு அல்ல, பட்டியல். ஒரே ஒருவர் அகப்பட்டாலும் ஒருவர் கொண்ட பட்டியல்தான். இது நியாயமான ஏற்பாடு. இந்தக் கதையில் பிராண்டன் ஸ்டார்க் என்ற பெயர் தலைமுறைக்குத் தலைமுறை திரும்ப வருகிறது; டெனேரிஸ் டார்கேரியன் என்ற பெயரும் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. பெயரை அடையாளமாக நம்ப முடியாது. முகவரியைத்தான் நம்ப வேண்டும். ‘பெயரைக் கொடுத்தால் ஆளைத் தருகிறேன்’ என்று சொல்லி, பட்டியலின் முதல் ஆளை மட்டும் எடுத்துக் கொடுக்கும் லைப்ரரி வசதியாகத் தெரியும். என்றாவது ஒருநாள் தவறான பிராண்டனைக் கொண்டுவந்து நிறுத்தும்.

முகவரியில் உள்ள எண்ணையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. ஐந்தாவது நாவலான ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ இங்கே 8ஆம் எண் புத்தகம். இடையில் மார்ட்டினின் குறுநாவல்களுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். எண் அடையாளத்துக்கு மட்டுமே, நாவல் வரிசைக்கு அல்ல. ‘ஐந்தாவது நாவல்’ என்று நினைத்து 5 என்று கேட்டால் நான்காவது நாவல் வந்து நிற்கும்.

பெயரை முகவரிக்குள் வைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இணைய முகவரியில் இடைவெளிக்கு இடமில்லை. எனவே ஜான், ஸ்னோ இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சதவீதக் குறியும் 20 என்ற எண்ணுமாக மாறிப் போகிறது. தமிழில் தேட நினைத்தால் மாற்றம் இன்னும் பெரிது. ‘அ’ என்ற ஒற்றை எழுத்து யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக எழுதப்படும். ஆக, ஒரு ‘அ’ முகவரிக்குள் 9 குறிகளாக நீளும். இந்த மாற்றத்தை நல்ல லைப்ரரி நமக்குத் தெரியாமலே செய்துவிடும். இது மறைக்க வேண்டிய வேலைதான்; ஒவ்வொருவரும் கையால் செய்தால் பிழைதான் பெருகும்.

காத்திருக்கும் நேரம்

ஜாவாஸ்கிரிப்டை 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கினார் என்பது கணினி உலகில் எல்லோரும் அறிந்த கதை. பிரவுசருக்குள் ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பொதுவாக ஒரே இழையில் ஓடும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். ஆனால் ஏபிஐக்குக் கேள்வி அனுப்பிவிட்டுப் பதில் வருவதற்குள் கணினியின் கணக்கில் யுகம் கடந்துவிடும். அதுவரை நிரல் சும்மா நின்றால் பக்கமே உறைந்துபோகும். பொத்தானை அழுத்தினாலும் அசையாது.

டீக்கடை மாஸ்டரைப் பாருங்கள். ஒரே ஆள்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை; அதற்குள் இரண்டு டீ ஆற்றுவார், சில்லறை கொடுப்பார், பால் பொங்கும் நேரத்தில் சரியாகத் திரும்புவார். ஜாவாஸ்கிரிப்டின் நிகழ்வுச் சுழலும் இதைத்தான் செய்கிறது. கேள்வியை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறது. பதில் வந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்புகிறது.

இதற்காகவே ‘பிராமிஸ்’ என்ற பொருள் 2015ஆம் ஆண்டுத் தரநிலையில் மொழிக்குள் வந்தது. இன்னும் வராத பதிலுக்கு இப்போதே ஒரு கைப்பிடி கொடுப்பது அதன் வேலை. 2017இல் ‘அவெய்ட்’ என்ற சொல் சேர்ந்தது. அதன்பின் காத்திருக்கும் நிரலும் மேலிருந்து கீழாகப் படிக்கக்கூடிய சாதாரண நிரல் போலவே தோன்றத் தொடங்கியது. இன்றைய கிளையன்ட் லைப்ரரிகளின் செயற்கூறுகள் பதிலைத் தருவதில்லை, பிராமிஸைத்தான் தருகின்றன. புதிதாகப் பழகுகிறவர் ‘அவெய்ட்’ போட மறந்துவிட்டு, பாத்திரத்தின் பெயரை அச்சிட்டால் ‘அன்டிஃபைன்ட்’ என்று வரும். பெயர் இன்னும் வந்து சேரவில்லை. கைப்பிடியைப் பிடித்து உலுக்கினால் பெயர் எப்படி விழும்?

தோல்வி எப்படித் தெரிகிறது?

பிரவுசர்களில் ஏபிஐயை அழைக்க ‘ஃபெட்ச்’ என்ற செயற்கூறு இருக்கிறது. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்டில், 2022இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து சர்வர் பக்கமும் தனியாக எதுவும் நிறுவாமலே கிடைக்கிறது. இதில் அனுபவசாலிகளையும் ஏமாற்றும் ஒரு குணம் உண்டு. இல்லாத பாத்திரத்தின் எண்ணைக் கேட்டால் சர்வர் 404 என்று பதில் சொல்லும். சர்வருக்குள்ளேயே ஏதாவது உடைந்தால் 500 வரும். இரண்டையும் ஃபெட்ச் தோல்வியாகக் கருதாது! ‘கேள்வி போனது, பதில் வந்தது, என் வேலை முடிந்தது’ என்பதே அதன் கணக்கு. இணைப்பே அறுந்தால்தான் பிராமிஸ் முறியும். பதிலின் நிலையெண் 200 முதல் 299 வரைக்குள் இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

காலவரம்பும் அப்படித்தான். ‘இத்தனை நொடிக்குள் பதில் வராவிட்டால் விட்டுவிடு’ என்று ஃபெட்ச்சுக்கு நாம் சொன்னால்தான் உண்டு. தானாக அதற்கு அப்படியொரு அவசரம் கிடையாது.

இங்கேதான் லைப்ரரியின் தரம் தெரியும். தரமான லைப்ரரி நிலையெண்ணைப் பார்த்து, 404 வந்தால் ‘அப்படி ஒரு பாத்திரம் இல்லை’ என்றும், 500 வந்தால் ‘சர்வரில் கோளாறு, மறுபடி முயலலாம்’ என்றும் பிரித்துச் சொல்லும். மோசமான லைப்ரரி இரண்டுக்குமே வெற்றுப் பட்டியலைத் திருப்பிவிடும். பயனாளர் திரையில் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று பார்ப்பார். தேடிய ஆள் இல்லையா, சர்வர் படுத்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது.

வரம்பு மீறும்போதும் இதே கதை. இந்த ஏபிஐ ஒரு ஐபி முகவரியிலிருந்து நாளொன்றுக்கு 20,000 கேள்விகளை அனுமதிக்கிறது. தாண்டினால், அந்த 24 மணி நேரத்தின் மிச்சப் பொழுது முழுக்க 403. ‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய்’ என்று சொல்லவே 429 என்ற நிலையெண் 2012இல் முறைப்படி வந்தது. ஆனால் எல்லா ஏபிஐகளும் அதைப் பயன்படுத்துவதில்லை. 429 வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலும்படி எழுதப்பட்ட பொதுவான லைப்ரரிக்கு 403இன் உட்பொருள் புரியாது. ‘அனுமதி இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட ஏபிஐக்கென்றே தனி லைப்ரரி எழுதுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பக்கம் பக்கமாக

பாத்திரங்கள் எல்லோரையும் ஒரே கேள்வியில் கேட்க முடியாது. எதுவும் சொல்லாமல் கேட்டால் பத்துப் பேர் வருவார்கள்; அதிகபட்சம் ஐம்பது பேர் வரை கேட்கலாம். பத்துப் பத்தாகக் கேட்டால் 214 பக்கங்கள். ஐம்பது ஐம்பதாகக் கேட்டால் 43 பக்கங்கள். அடுத்த பக்கம் எது, கடைசிப் பக்கம் எது என்ற தகவல் தரவுக்குள் இருக்காது. பதிலின் தலைப்புப் பகுதியில் ‘லிங்க்’ என்ற வரியில் வரும். ஜேசனை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் அது படாது. தன் முன் வந்த பத்துப் பேரையே முழு உலகம் என்று நினைத்துக்கொள்வார்.

லைப்ரரி எழுதுபவர்கள் இங்கே குறுக்கு வழியில் போவதுண்டு. ‘நூறு நூறாகக் கேட்போம், நூற்றுக்குக் குறைவாக வந்தால் அதுதான் கடைசிப் பக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். உச்சவரம்புக்கு மேல் கேட்டால் கண்டிக்காமல், உச்சவரம்பை மட்டும் தந்துவிட்டுச் சும்மா இருக்கும் சர்வர்கள் உண்டு. நூறு கேட்டு ஐம்பது வந்ததும் இந்த நிரல் ‘முடிந்தது’ என்று நின்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. இரண்டாயிரம் பேரில் ஐம்பது பேர் மட்டுமே கையில் இருப்பார்கள். லிங்க் வரியில் ‘அடுத்தது’ இருக்கும்வரை போவது ஒன்றே பாதுகாப்பான வழி.

2018ஆம் ஆண்டுத் தரநிலை ஜாவாஸ்கிரிப்டுக்கு இதற்கென்றே ஒரு நல்ல கருவியைத் தந்தது: காத்திருந்து சுற்றும் ‘ஃபார் அவெய்ட்’ சுழற்சி. பாத்திரங்களை ஒவ்வொருவராகச் சுற்றிவரும்படி நிரல் எழுதினால் போதும். கையிலுள்ள ஐம்பது பேர் தீர்ந்ததும் லைப்ரரி தானாக அடுத்த பக்கத்தைக் கேட்டு வாங்கும். தேடிய ஆள் மூன்றாம் பக்கத்திலேயே கிடைத்து நாம் சுழற்சியை விட்டு வெளியேறினால், மீதி 40 பக்கங்கள் கேட்கப்படுவதே இல்லை. இதற்கு மாறாக, ‘எல்லோரையும் கொண்டு வா’ என்ற ஒற்றை அழைப்பைத் தரும் லைப்ரரிகளும் இருக்கின்றன. ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் 43 கேள்விகள் இருக்கின்றன என்பது பயன்படுத்துகிறவருக்குத் தெரிய வேண்டும்.

உறவுகள் என்னும் செலவு

ஸ்டார்க் குலத்தின் எண் 362. அந்தப் பதிவைக் கேட்டால் குலத்துக்குக் கட்டுப்பட்டவர்களின் நீண்ட பட்டியல் வரும். பார்த்தால் அதில் ஒரு பெயர்கூட இருக்காது, எல்லாம் முகவரிகள். ஒவ்வொரு முகவரிக்கும் தனியாகக் கேள்வி அனுப்பினால்தான் பெயர் தெரியும். எண்பது பேர் என்று வைத்துக்கொண்டால், குலத்துக்கு ஒன்று, ஆட்களுக்கு எண்பது, ஆக 81 கேள்விகள். நிரலாளர்கள் இதை ‘என் பிளஸ் ஒன்’ சிக்கல் என்பார்கள். நானூறு குலங்களுக்கும் இப்படிச் செய்தால் நாளொன்றின் ஒதுக்கீடு வீணாகக் கரையும்.

சில லைப்ரரிகள் இதை இன்னும் கவர்ச்சியாக மூடி வைக்கின்றன. குலம் என்ற பொருளிலிருந்து உறுப்பினர்கள், அங்கிருந்து அவர்களுடைய துணை, அங்கிருந்து துணையின் குலம் என்று புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். படிக்க அழகாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு இணையப் பயணம் என்பது நிரல் தவழத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.

நிதானமாகக் கணக்குப் போட்டால் எளிய வழி ஒன்று இருக்கிறது. 43 கேள்விகளில் பாத்திரங்கள் முழுவதையும் ஒருமுறை இறக்கிக்கொண்டு, முகவரியைச் சாவியாக வைத்து ‘மேப்’ ஒன்றில் அடுக்கிவிடலாம். பிறகு எந்த உறவைக் கேட்டாலும் பதில் நம் நினைவகத்திலேயே இருக்கும். இணையத்துக்குப் போக வேண்டாம். நாற்பத்து மூன்றையும் ஒரே நொடியில் அள்ளி வீசவும் கூடாது. ஆர்வத்தின் பேரில் நடத்தப்படும் இலவச சர்வர் அது. நான்கு நான்காக அனுப்புவது மரியாதை.

நாவல்களோ அச்சில் வந்துவிட்டவை. தரவு தினம் தினம் மாறப்போவதில்லை. இதற்கு எச்டிடிபி நெறிமுறையிலேயே ஏற்பாடு இருக்கிறது. சர்வர் ஒவ்வொரு பதிலோடும் ‘ஈடேக்’ என்ற முத்திரையைத் தருகிறது. அடுத்தமுறை அதே முகவரியைக் கேட்கும்போது அந்த முத்திரையையும் சேர்த்து அனுப்பினால், எதுவும் மாறாத பட்சத்தில் சர்வர் தரவை அனுப்பாமல் 304 என்று மட்டும் சொல்லும். பழைய பிரதியையே பயன்படுத்திக்கொள்ளலாம். இதைச் சத்தமில்லாமல் செய்யும் லைப்ரரி நமக்கும் சர்வருக்கும் நன்மை செய்கிறது.

காலிப் புலத்தின் பல அர்த்தங்கள்

இனிதான் இந்தத் தரவின் சுவாரசியமான பகுதி. பாத்திரங்கள் பிரிவில் 1ஆம் எண்ணைக் கேட்டால் வரும் பதிவில் பெயர் இல்லை. பெயருக்கான புலம் இருக்கிறது. உள்ளே வெறும் இரட்டை மேற்கோள்குறிகள், அதாவது எழுத்தே இல்லாத வெற்றுச் சரம். பிராவோஸ் நகரத்துப் பெண் ஒருத்தி, கதையில் அவள் பட்டப்பெயரால் மட்டுமே குறிப்பிடப்படுகிறாள். ‘எல்லோருக்கும் பெயர் இருக்கும்’ என்ற நம்பிக்கையில் எழுதிய நிரல் முதல் பதிவிலேயே தடுக்கி விழும்.

அதே பதிவில் பட்டங்கள் புலத்தைப் பாருங்கள். பட்டம் எதுவும் இல்லாவிட்டால் வெற்றுப் பட்டியல் வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது ஒரே ஒரு வெற்றுச் சரம் கொண்ட பட்டியல். அதன் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 1 என்கிறது. பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் பட்டமே இல்லாதவர்களும் கணக்கில் ஏறிவிடுவார்கள். மதிப்புகளின் வகையைச் சோதிக்கும் டைப்ஸ்கிரிப்ட் இதைப் பிடித்துவிடும் என்று நம்பிப் பயனில்லை. வெற்றுச் சரமும் சரம்தான், வகைச் சோதனையில் அது தாராளமாகத் தேறிவிடும்.

2020இல் மொழிக்கு வந்த இரட்டைக் கேள்விக்குறிச் செயலி இன்னொரு பொறி. மதிப்பு ‘நல்’ அல்லது ‘அன்டிஃபைன்ட்’ ஆக இருந்தால் மட்டுமே அது மாற்று மதிப்பைத் தரும். தந்தையின் பெயருக்குப் பின் இரட்டைக் கேள்விக்குறி போட்டு ‘தெரியவில்லை’ என்று எழுதினால், வெற்றுச் சரத்தை அது முறையான மதிப்பாகவே ஏற்றுக்கொள்ளும். திரையில் ‘தெரியவில்லை’ என்ற சொல்கூட வராது, வெறும் இடம்தான் இருக்கும்.

இவையெல்லாம் தொழில்நுட்பத் தொல்லைகள். லைப்ரரி ஒருமுறை சரிசெய்தால் எல்லோருக்கும் நிம்மதி. இதற்கு அடியில் ஆழமான சிக்கல் ஒன்று கிடக்கிறது.

ஜான் ஸ்னோவின் பதிவில் தந்தை, தாய் இரண்டு புலங்களும் காலி. நாவலைப் படித்தவர்களுக்கு இது இயல்பாகவே தெரியும். ஜானின் பிறப்பு இந்தக் கதையின் மையப் புதிர். தொலைக்காட்சித் தொடர் விடையைச் சொல்லிவிட்டது; நாவல்களில் ஆசிரியர் இன்னும் வாய் திறக்கவில்லை. இங்கே காலிப் புலம் என்றால் ‘ஆசிரியர் இன்னும் சொல்லவில்லை’.

இப்போது 148ஆம் எண்ணைக் கேளுங்கள்: ஆர்யா ஸ்டார்க். அவள் எட்டார்ட் ஸ்டார்க்கின் மகள் என்பது முதல் நாவலின் ஆரம்ப அத்தியாயங்களிலேயே தெரிந்துவிடும். இதில் எந்த மர்மமும் கிடையாது. ஆனால் அவளுடைய தந்தை, தாய் புலங்களும் காலிதான். இங்கே காலி என்றால் ‘தரவைத் தொகுத்தபோது சேர்க்கப்படவில்லை’. ஆர்யாவின் துணை புலமும் காலி. அங்கே அதற்கு ‘திருமணம் ஆகவில்லை’ என்று பொருள். இறப்பு புலம் காலி. அதற்கு ‘இன்னும் நடக்கவில்லை’ என்று பொருள். நான்கு வெவ்வேறு உண்மைகள், நான்குக்கும் ஒரே வெற்றுச் சரம்.

நிரல் இவற்றைப் பிரித்தறிய வழியே இல்லை. அதனால் லைப்ரரி எழுதுகிறவர் உதவி செய்வதாக நினைத்து ஊகத்தைக் கலந்துவிடும் ஆபத்து இருக்கிறது. இறப்பு புலம் காலியாக இருந்தால் ‘உயிரோடு இருக்கிறார்’ என்று திருப்பும் வசதியான செயற்கூறு ஒன்றை எழுதினால் என்ன ஆகும்? கதைக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பு வாழ்ந்து, இறந்த ஆண்டு குறிக்கப்படாமல் விட்டுப்போன அத்தனை பேரும் உயிர்த்தெழுந்து வந்துவிடுவார்கள். தந்தை புலம் காலி என்றால் ‘தந்தை தெரியாதவர்’ என்று மொழிபெயர்த்தால் ஆர்யாவும் ஜானும் ஒரே பட்டியலில் உட்காருவார்கள்.

ஆண்டுகளிலும் இதே தலைவலி. ஜானின் பிறப்பு புலத்தில் இருப்பது தேதி அல்ல, சரம்: கதையுலகின் வெற்றிச் சகாப்தம் 283இல் என்ற பொருள்பட எழுதிய சொற்றொடர். ஆர்யாவுக்கு 289 என்ற ஆண்டோடு வின்டர்ஃபெல் என்ற ஊரும் அதே புலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலருக்கு ‘இந்த ஆண்டு அல்லது அந்த ஆண்டு’ என்றும் வரும். சகாப்தத்துக்கு முந்தைய ஆண்டுகள் வேறு. அப்படியே அகரவரிசைப்படி அடுக்கினால் 48ஆம் ஆண்டில் பிறந்தவர் 283ஆம் ஆண்டில் பிறந்தவருக்குப் பின்னால் போய் நிற்பார். எழுத்தாகப் பார்த்தால் 2க்குப் பின்தானே 4. எண்ணைப் பிரித்தெடுப்பது லைப்ரரியின் வேலைதான். ஆனால் ‘இரண்டில் ஒன்று’ என்று மூலத்தில் இருப்பதை ஒற்றை எண்ணாக்கிக் கொடுத்தால் மூலத்தில் இல்லாத உறுதியை அது சேர்த்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் ‘டேட்’ பொருளோ நம் கிரகோரியன் நாட்காட்டிக்காக ஆனது. கதை நடக்கும் வெஸ்டரோஸ் கண்டத்தின் சகாப்தம் அதற்குப் புரியாது.

சாவி கேட்கும் ஏபிஐ

எல்லாக் கற்பனை உலகங்களும் இப்படித் திறந்து கிடப்பதில்லை. டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ உலகத்துக்கான ‘த ஒன் ஏபிஐ’ இலவசம்தான். ஆனால் புத்தகப் பட்டியலைத் தாண்டிப் பாத்திரங்கள், திரைப்படங்கள், வசனங்கள் என்று போக வேண்டுமானால் பதிவு செய்து சாவி வாங்க வேண்டும். 10 நிமிடத்துக்கு 100 கேள்விகள்தான் வரம்பு.

சாவி வந்ததும் லைப்ரரி எங்கே ஓடுகிறது என்ற கேள்வி வந்துவிடுகிறது. பிரவுசருக்கு அனுப்பிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் ரகசியம் எதுவும் தங்காது. பக்கத்தைத் திறந்த யார் வேண்டுமானாலும் அதைப் பிரித்துப் படிக்கலாம். எனவே சாவி நம் சர்வரிலேயே இருக்க வேண்டும். பிரவுசர் நம் சர்வரைக் கேட்க, நம் சர்வர் ஏபிஐயைக் கேட்க வேண்டும். கற்பனைக் கதைக்கு இவ்வளவு கட்டுக்காவலா என்று தோன்றலாம். கட்டணமுள்ள ஏபிஐயின் சாவியைப் பிரவுசரில் விட்டுவிட்டு யாரோ செய்த செலவுக்குப் பில் கட்டுவதைவிட, இங்கே பழகிக்கொள்வது நல்லது.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

சின்ன ஏபிஐக்கான லைப்ரரிகள் பெரும்பாலும் சின்னவை. சில நூறு வரிகள் இருந்தாலே அதிகம். இன்னொருவர் நிரலைச் சேர்ப்பதில் செலவும் உண்டு. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற பதினொரு வரி லைப்ரரியை அதன் ஆசிரியர் என்பிஎம் கிடங்கிலிருந்து நீக்கியதும், அதை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் ஒரே நாளில் கட்டமைக்க முடியாமல் நின்றன. எனவே நிறுவுவதற்கு முன் மூலநிரலைத் திறந்து ஒரு பத்து நிமிடம் படிப்பது வீண்போகாது. நிலையெண்ணைப் பார்க்கிறதா? அடுத்த பக்கத்தை லிங்க் வரியிலிருந்து எடுக்கிறதா, ஊகிக்கிறதா? ஓர் அழைப்புக்கு எத்தனை கேள்விகள் போகும் என்று ஆவணத்தில் சொல்லியிருக்கிறதா? சர்வர் தந்த மூலப் பதிவை மாற்றாமல் நம் கையில் கொடுக்க ஏதாவது வழி வைத்திருக்கிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். முகவரியைக் கட்டுவது, காத்திருப்பது, பக்கம் புரட்டுவது, முத்திரையைச் சேமிப்பது எல்லாம் உழைப்பு. அதை லைப்ரரி தன் தோளில் ஏற்றிக்கொள்ளலாம். தரவில் ஒரு தகவல் இல்லை என்பது உழைப்பு அல்ல, உண்மை. அதை நிரப்பவோ மறைக்கவோ லைப்ரரிக்கு உரிமை இல்லை.

கற்பனை நாவலில் இதெல்லாம் விளையாட்டாகத் தெரியலாம். மருத்துவமனைப் பதிவில் ‘ஒவ்வாமை’ என்ற புலம் காலியாக இருந்தால் நோயாளிக்கு ஒவ்வாமை இல்லை என்று அர்த்தமா, யாரும் கேட்கவில்லை என்று அர்த்தமா? எந்த மருந்தைக் கொடுக்கலாம் என்பதே இந்த விடையைப் பொறுத்தது. அதனால்தான் மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கான எச்எல்7 அமைப்பின் ‘ஃபையர்’ தரநிலை, ஒரு மதிப்பு ஏன் இல்லை என்பதையும் பதிவுசெய்ய வழி வைத்திருக்கிறது: கேட்கப்படவில்லை, கேட்டும் தெரியவில்லை, சொல்ல மறுத்தார், பொருந்தாது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. இப்படிக் காரணம் எழுதி வராத தரவுதான் நம் கைக்குப் பெரும்பாலும் வருகிறது. அந்தத் தரவைக் கையாளும் லைப்ரரி ‘இந்தப் புலம் காலி’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அர்த்தம் சொல்லும் பொறுப்பு, கதையையோ நோயாளியையோ அறிந்தவருக்கு உரியது.